கூடத்துக்கு வந்த சாரைத் தடம்

எங்கள் ஊர்ப் பூங்காவில் சைக்கிள்காரர்கள் அனுமதி இல்லாமல் போடும் தடங்களை, மழைக்கு மறுநாள் நாங்கள் பாய் மாதிரி சுருட்டி எடுத்துவிடுவோம். காய்ந்த மண்ணில் கைவைத்தால் தடம் அப்பளமாக நொறுங்கும். சொட்டச் சொட்டச் சுருட்டினால் கனம் தாங்காது. மழை விட்டு ஓர் இரவு ஆறிய மண்தான் பதம்.

ஊர் பனிக்கரை. மலைமேல் இருக்கிறது. பூங்கா ஊருக்கும் மேலே, ஒரு முழுக் குன்றை வளைத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறது. அதில் நகராட்சி போட்ட நடைபாதை ஒன்று உண்டு. சிமெண்ட் பலகை பதித்து, இரண்டு பக்கமும் கம்பி கட்டியது. காலையில் அதில் நாங்கள் நடப்போம். நாங்கள் என்றால் காலை நடையாளர் சங்கம். தலைவர் புருஷோத்தமன் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். துணைத்தலைவர் நான், ராக்கப்பன். முன்பு லாரி ஆபீஸ் வைத்திருந்தேன். இது நடந்த சமயம் ஒரு கடைவாய்ப் பல் வலியும் வைத்திருந்தேன். அந்தப் பல்லை டாக்டர் ஃப்ளோரா பாதி குடைந்து, பஞ்சு வைத்து, மீதிக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஊரில் அவர் ஒருவர்தான் பல் டாக்டர்.

சைக்கிள்காரர்கள் நடைபாதையைத் தொடமாட்டார்கள். அவர்கள் சைக்கிளின் டயர் தடியாக இருக்கும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில்தான் அதற்கு ருசி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குவார்கள். புல் போகும், வேர் எட்டிப் பார்க்கும், கடைசியில் அங்கே ஒரு தடம் படுத்திருக்கும். அது எங்கள் நடைபாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில், புதரிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஒரு சைக்கிள் வெளியே வரும். செல்லத்தாயி டீச்சர் அப்படி வந்த ஒன்றுக்கு வழிவிடப் போய் முள்ளில் உட்கார்ந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு சார் சைக்கிள்காரர்களின் தலைவன் ரிஸ்வானைப் பிடித்து நிறுத்தினார். ரிஸ்வான் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். சாரிடம் படித்தவன்.

“உனக்கு வேற இடமே கிடைக்கலையாடா?”

“எங்க சார் போறது? ரோட்டுல போனா பஸ்காரன் திட்டுறான். பாதையில போனா நீங்க திட்டுறீங்க.”

“வீட்டுல இரு.”

“வீட்டுல இறக்கம் இல்ல சார்.”

அடுத்த மழைக்கு அந்தத் தடத்தைச் சுருட்டினோம். அவர்கள் வேறொன்று போட்டார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. சுருட்டிய தடங்களைப் பூங்காவின் பம்ப் அறைக்குப் பின்னால் சாய்த்து வைப்போம். சின்னத் தடங்களைச் சிலர் வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போவதுண்டு. மொட்டைமாடியில் விரித்தால் வெயில் கீழே இறங்காது.

சுருட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அடிமுனையிலிருந்து மேல்நோக்கித்தான் சுருட்ட வேண்டும். சைக்கிள் மேலிருந்து வருவது. வருகிறவன் எதிரே எங்களைப் பார்த்து இறங்கி, நாலு வார்த்தை திட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். அதற்கும் முன்னால் ஒருவர் தடத்தைப் பார்த்து, “யாராச்சும் வர்றீங்களா?” என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் கைவைக்கலாம்.

சாரைத் தடம் என்பது அவர்கள் போட்டதிலேயே நீளமானது. குன்றின் உச்சியில் ஆரம்பித்து, சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து, கீழ் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுக்குழியில் முடியும். பிரேக் பிடிக்கத் தெரியாதவனும் அந்தச் சேற்றில் நின்றுவிடுவான். அதைச் சுருட்டுவது என்று முடிவான ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் உச்சியில் இருந்தோம். டீ கேனும் உச்சியில் இருந்தது. சாருக்கு முழங்கால் வலி.

“கீழ போயி ஆரம்பிச்சு மறுபடி மேல வரணுமா?” என்றார் சார். “எந்தப் பக்கத்துலேருந்து அளந்தாலும் நீளம் ஒண்ணுதான். இங்கேருந்தே சுருட்டுங்க.”

கணக்குப்படி அது சரி. சாரே முன்னால் வந்து, வாயை முழுக்கத் திறந்து, “யாராச்சும் வர்றீங்களா?” என்று கூப்பிட்டார். திறந்த வேகத்தில் அவருடைய பல்செட் தாவித் தடத்தில் விழுந்தது. அவர் குனிந்து எடுப்பதற்குள் நாங்கள் மடித்துவிட்டோம். பல்செட் முதல் சுற்றிலேயே உள்ளே போய்விட்டது. இறக்கத்தில் சுருட்டுவதால் தள்ளவேண்டிய வேலை இல்லை. சுருள் தானே ஓடியது, நாங்கள் பின்னால் ஓடினோம். சாரின் குரல் கீழே போய்ச் சேருவதற்குள் சுருள் அதை எட்டிப் பிடித்து, அதையும் சுருட்டிக்கொண்டது.

கீழ் கேட்டில் வந்து நின்றபோது சுருள் எங்கள் தலைக்கு மேல் இருந்தது. சேற்றுக்குழி கடைசியாக வந்து வெளியே ஒட்டிக்கொண்டது. உள்ளே சைக்கிள் மணி கேட்டது.

நான் சுருளின் பக்கவாட்டில், மண்ணடுக்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் காதை வைத்தேன். டயர் ஓடும் சத்தம் பக்கத்தில் வந்து, தாண்டி, சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

“யாரது?”

“நான்தான், ஃப்ளோரா.” ஒரு சுற்று. “ராக்கப்பண்ணனா? பல்லு எப்படி இருக்கு?”

“வலிக்குது டாக்டரம்மா.”

“கிராம்பு வைங்க.” ஒரு சுற்று. “அந்தப் பக்கமா மெல்லாதீங்க.”

டாக்டர் ஃப்ளோரா ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்டுவார் என்பது எங்களுக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டிருப்பதால் திட்டும்போது மட்டும் தெரியாதமாதிரி வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து சுருள் வந்ததை அவர் பார்த்திருக்க வழியில்லை. இப்போது தடம் வட்டமாகிவிட்டதால், இறக்கம் முடிகிற இடம் என்று உள்ளே எதுவும் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தார்.

அவருடைய கணவர் இன்னாசிமுத்து பேக்கரியிலிருந்து ஏப்ரனோடு வந்தார். சந்தில் வாயை வைத்து, “சாப்டியா?” என்று கேட்டார்.

“இல்ல.” ஒரு சுற்று. “பன்னு இருந்தா போடு.”

இன்னாசி பன்னைச் சந்துக்குள் நீட்டினார். அடுத்த சுற்றில் அது அவர் கையில் இல்லை. மறு சுற்றில், “ஜாம் தடவலையா?” என்று கேட்டது.

மறுநாள் தடத்தை இருந்த இடத்திலேயே விரித்துவிடலாம் என்று பார்த்தால், குன்றில் அதற்குள் புல் மூடியிருந்தது. தடம் எடுத்த இடம் எப்போதும் அப்படித்தான். ஒரு பகல், ஒரு இரவு கிடைத்தால் ஆறிவிடும். ஆறிய இடத்தில் பழைய தடம் ஒட்டாது, வழுக்கிக் கீழே வந்துவிடும். ஆகவே சுருள் கேட்டோரமே நின்றது. நாங்கள் அதைச் சுற்றி நடந்தோம். இன்னாசி காலையில் பன், மத்தியானம் டிபன் பாக்ஸ், சாயந்தரம் பப்ஸ் என்று நீட்டினார். பல் வலிக்காரர்கள் சந்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டினோம். டாக்டர் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்து, அடுத்த சுற்றில் மாத்திரைப் பெயர் சொல்லுவார். கையை உள்ளே விட்டு வேலை பார்க்க மட்டும் வழியில்லை.

சாரும் வந்து நின்றார். பல்செட் இல்லாததால் அவர் பேச்சு வேறுமாதிரி இருந்தது. நான் அதைப் பல் போட்டே எழுதுகிறேன்.

“டாக்டர், என்னோட செட்டு உள்ள எங்கயாவது தட்டுப்படுதா?”

“நடுவுல எங்கயோ கெடக்கு சார்.” ஒரு சுற்று. “சத்தம் கேக்குது.” இன்னொரு சுற்று. “யாராச்சும் வர்றீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கு.”

சார் தலையாட்டிவிட்டு நடக்கப் போனார்.

இன்னாசி எல்லா நேரமும் சுருளோரமே ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் தாண்டும்போதெல்லாம் இன்னாசியின் பெயரைச் சொல்லுவார். முதலில் அது “இன்னாசிமுத்து, கடையைப் பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒரே சுற்றில் முழுசாக வந்தது. பிறகு “இன்னாசிமுத்து” என்று மட்டும் வந்தது. பிறகு “இன்னாசி.” டாக்டரின் பிரேக் கட்டை தேய்ந்துகொண்டு வந்ததுதான் காரணம். தேயத் தேய வேகம் ஏறியது. வேகம் ஏற ஏறச் சந்தைத் தாண்டும் நேரம் குறைந்தது.

ஒருநாள் காலையில் நான் போனபோது இன்னாசி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“நேத்து ‘இன்னா’ன்னு வந்துச்சுண்ணே. இன்னைக்கு வெறும் ‘இ’தான் வருது.”

காதை வைத்துக் கேட்டேன். ஆமாம். டயர் சத்தம் இப்போது தனித்தனியாக இல்லை. தேனீப்பெட்டி மாதிரி ஒரே இரைச்சல். நடுவில் ‘இ’, ‘இ’ என்று. பன் கையிலேயே இருந்தது. நீட்டினால் யாரும் எடுக்கவில்லை.

“கட்டை முழுக்கப் போயிருச்சுன்னா?” என்றேன்.

“அப்பறம் ‘இ’யும் வராது.”

நானே போய் ரிஸ்வானைக் கூட்டி வந்தேன். தடம் போட்டவன் அவன். விரிக்கவும் அவனுக்குத்தான் தெரியும். சுருளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்தான்.

“இதுக்குச் சரிவு வேணும்ணே. இருக்குறது ஒரே சரிவுதான். இந்தக் கேட்டுலேருந்து ஊருக்குள்ள எறங்குறது.”

“தெருவுல விரிச்சுக்க. யாரு வேணாம்னா?”

“தெரு நேரா போகுது. தடம் வளைஞ்சு போகும். வளைவை நிமித்துனா முறிஞ்சிரும், உள்ள அக்கா இருக்காங்க.”

வளைவுகள் எங்கெங்கே விழும் என்று பார்ப்பதற்காக ரிஸ்வான் கண்ணை மூடிக்கொண்டான். ஹாண்டில் பிடிக்கிறமாதிரி கையை நீட்டி, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து, கேட்டிலிருந்து கீழே நடந்தான். நாங்கள் சுண்ணாம்புப்பொடி தூவிக்கொண்டே பின்னால் போனோம். தெருவில் கொஞ்சம் போனான். தையல்கடைக்குள் நுழைந்து பின்கதவு வழியாக வந்தான். அங்கிருந்து இடது பக்கம் சாய்ந்து என் வீட்டு அடுப்படிக்குள் போனான். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“தடத்துல இருக்குற ஆமைக்கல்லு இங்க வரும் பெரியம்மா,” என்றான் கண்ணை மூடியபடியே. “அடுப்பைக் கொஞ்சம் நகத்திக்கங்க.”

“எவ்வளவு பெரிய கல்லு?”

அவன் கையை விரித்துக் காட்டினான்.

“மாவாட்ட ஆகுமா?”

“மேல தட்டையாத்தான் இருக்கும்.”

அவள் அடுப்பை நகர்த்தினாள். ரிஸ்வான் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் இறங்கி, வேலியைத் தாண்டி, ஒரு பெரிய வளைவு வளைந்து, புருஷோத்தமன் சார் வீட்டு முன்வாசலில் ஏறி, கூடத்துக்கு நடுவில் போய் நின்று, கண்ணைத் திறந்தான். சார் சோபாவில் உட்கார்ந்து பாலில் பன் நனைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க முடியுது சார்.”

சார் சுண்ணாம்புக்கோட்டைப் பார்த்தார். அது வாசலில் நுழைந்து, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, அவர் காலடியில் வந்து நின்றிருந்தது.

“கொஞ்ச நேரத்துக்குத்தானே?”

“இல்ல சார். சிமெண்ட் தரையில ஒட்டுனா தடம் பேர்ந்து வராது. இருந்துரும்.”

“அப்ப நீங்கல்லாம் இதுல சைக்கிள் விடுவீங்க.”

“தடம் இருந்தா விடத்தான் சார் தோணும்.”

“என் கூடத்துல.”

“நீங்கதான் வீட்டுல இருடான்னு சொன்னீங்க.”

சார் பன்னைக் கீழே வைத்தார். செல்லத்தாயி டீச்சரின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னார். பூங்கா பொதுச்சொத்து என்றும், அதில் அனுமதி இல்லாமல் போட்ட ஒன்றைத் தன் வீட்டுக்குள் விடுவது சங்கத் தலைவருக்கு அழகில்லை என்றும் சொன்னார். சொன்னதெல்லாம் நியாயம்தான். ரிஸ்வானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். “டீச்சர்கிட்ட நான் மன்னிப்பு கேக்கலை சார், அது தப்புதான்,” என்றும் சொன்னான். ஆனால் கோட்டை அழிக்க யாரும் குனியவில்லை.

இன்னாசி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

“சார், நீங்க ஒரு தடவை வந்து கேளுங்க. கேட்டுட்டு வேணாம்னா வேணாம்.”

சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். சுருளின் சந்தில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. எங்களுக்கு வெளியே இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசியில் காதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பாதி ‘இ’தான் வருது,” என்றார்.

பிறகு எங்களைப் பார்த்து, “சோபாவைத் தூக்க ரெண்டு பேர் வேணும்,” என்றார்.

சுருளை முறைப்படி ஊருக்குக் கீழே கொண்டுபோய், அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளி விரிக்க வேண்டும். ஆனால் சுருள் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. டீ கேனும் அங்கேதான் இருந்தது. சார் மறுபடியும் அதே கணக்கைச் சொன்னார். நீளம் ஒன்றுதான் என்பதால் மேலிருந்தே விரித்தோம். வெளியே ஒட்டியிருந்த சேற்றுக்குழியைக் கேட்டுக்கு முன்னால் படியவைத்து, ரிஸ்வானும் அவன் கூட்டாளிகளும் முன்னால் நின்று சுருளைத் தாங்கித் தாங்கிக் கீழே விட்டார்கள். நாங்கள் பின்னால் கட்டையால் தட்டி ஒட்டவைத்துக்கொண்டே வந்தோம். சைக்கிள்காரர்களும் நடையாளர்களும் ஒரே தடத்தில் நின்று வேலை செய்தது அன்றைக்குத்தான். “தட்டுங்க பெரிசு, அது என்ன தடவிக்குடுக்குறீங்க,” என்று அவர்கள் எங்களைக் கிண்டல் செய்தார்கள். “சைக்கிள்லேருந்து எறக்கிவிட்டா உனக்கு ரெண்டு காலும் எதுக்குன்னே தெரியலையேடா,” என்று நாங்கள் அவர்களைக் கிண்டல் செய்தோம்.

இன்னாசி மைதா மூட்டைகளைக் கொண்டுபோய் சார் வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்தார். பிரேக் இல்லாமல் இறங்கி வருகிறவர் மோதுவதற்கு மெத்தென்று ஏதாவது வேண்டும் அல்லவா. அடுக்கி முடித்து, ஒரு மூட்டையைப் பிரித்துத் தரையிலும் கொட்டிப் பரப்பிவிட்டு, முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார்.

சுருள் என் அடுப்படியைத் தாண்டியதும் டாக்டர் வெளியே வந்தார். கீழே போகவில்லை; மேலே போனார். மேலிருந்து சுருட்டியதை மேலிருந்தே விரித்தால் தடத்தின் அடிமுனைதான் மேலே வரும். தடத்துக்கு எங்கள் ஊர்ச் சரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது தன் இறக்கத்தைத் தன்னோடு கொண்டுவந்திருந்தது. டாக்டர் என் வீட்டு ஆமைக்கல்லில் ஏறிக் குதித்து, தையல்கடைக்குள் புகுந்து, தெருவில் காற்றாக மேலே போய், கேட்டுக்கு முன்னால் சேற்றுக்குழியில் இறங்கி நின்றார். எப்போதும் நிற்கிற இடம்தான்.

“இன்னாசிமுத்து,” என்று முழுசாகக் கூப்பிட்டார்.

கீழே கூடத்தில் சுருளின் கடைசிச் சுற்று அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. இன்னாசி அதன்மேல் காலை வைத்தார். வைத்ததும் நின்றவாக்கிலேயே மேலே வழுக்கிக்கொண்டு போனார், கையை விரித்தபடி. மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் உச்சி முதல் கால்வரை வெள்ளையாக இருந்தார். டாக்டர் கறுப்பாக இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

நான் எட்ட நின்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கண்ணிலிருந்த சேற்றை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க திங்கக்கிழமையே வந்திருக்கணும்,” என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து அன்றைக்கே மீதியையும் குடைந்துவிட்டார்.

கூடத்தில் கடைசிச் சுற்று பிரிந்தபோது நடுவில் சாரின் பல்செட் இருந்தது. மண் ஒட்டியிருந்தது. “யாராச்சும் வர்றீங்களா?” என்று கேட்டது. சார் அதை எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டார். சுருண்ட குரல் பல்செட்டிலேயே தங்கிவிட்டதால், அன்றிலிருந்து அவர் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வருகிறது. காப்பி வேண்டுமென்றாலும் அதுதான். சங்கக் கூட்டத்தில் தலைமையுரையும் அதுதான். வேறு செட் செய்து தருவதாக டாக்டர் சொன்னார். சார் கையாட்டி மறுத்துவிட்டார்.

தடம் இப்போது சார் வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்துப் பூங்கா கேட்டில் முடிகிறது. சைக்கிள்காரர்கள் விடியும்போதே வந்து, செருப்பை ஸ்டாண்டில் விட்டு, சார் வீட்டு மாமிக்கு வணக்கம் சொல்லி, வரிசையாக நிற்கிறார்கள். சார் தடத்தோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையைத் தூக்கி, வாயைத் திறந்து, “யாராச்சும் வர்றீங்களா?” என்று மேலே பார்த்துக் கேட்பார். குறுக்கே நடக்கிறவர் யாராவது இருந்தால் “நான் போயிக்கிறேன் சார்” என்று பதில் வரும். பதில் வராவிட்டால் சார் கையை இறக்குவார், சைக்கிள் கிளம்பும். இதுவரை யாரும் முள்ளில் உட்காரவில்லை. முழங்கால் வலிக்காரர்களும் இந்தத் தடத்தில்தான் பூங்காவுக்குப் போகிறோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அதுவே மேலே கொண்டுபோய்விடும். செல்லத்தாயி டீச்சரின் நாற்காலியைச் சேறு வருவதற்கு முன் பிடித்து நிறுத்துவது ரிஸ்வானின் பொறுப்பு. என் வீட்டில் ஆமைக்கல்லில் மாவாட்டுகிறோம். நடுவில் சைக்கிள் வந்தால் என் மனைவி குழவியைத் தூக்கிக்கொள்வாள்.

நேற்றுக் காலை சார் வழக்கம்போல, “யாராச்சும் வர்றீங்களா?” என்று கேட்டார்.

“வர்றேன்,” என்றது குன்று.

சார் கையை இறக்கவில்லை. வருகிற குன்றுக்கு இடம் வேண்டுமே என்று நாங்கள் சோபாவை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளிப்போட்டோம். மாமி உள்ளே போய்க் காப்பிக்குப் பால் ஏற்றி வைத்தார்.